பார்த்துவிட்டு வந்து சொல்

(தவக்காலம் இரண்டாம் வாரம், வெள்ளிக்கிழமை மறையுரை)



விவிலியத்தைத் திறந்துவைத்துக்கொண்டு முதல் வாசகத்தைக் கேட்டவர்கள், நடுவில் ஒரு தாவலைக் கவனித்திருப்பீர்கள். தொடக்கநூல் 37ஆம் அதிகாரம். 3, 4 வசனங்கள், பிறகு 12, அதன்பின் 13இன் முற்பாதி. அங்கிருந்து ஒரே தாவாக 17இன் பிற்பாதி. அப்பா பிள்ளையைக் கூப்பிடுகிறார். அடுத்த வரியில் பிள்ளை தோத்தானில் நிற்கிறான், அண்ணன்மார் அவனைத் தீர்த்துக்கட்டப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். இடையில் அவன் நடந்த வழி முழுவதும் காணோம். வாசக நூலைத் தொகுத்தவர்கள் நீளம் கருதி விட்டிருப்பார்கள். அவர்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் விட்டுப்போன அந்த வசனங்களைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். சிலுவைப்பாதையில் எழுந்தும் முழங்காலிட்டும் களைத்துப்போயிருக்கிறீர்கள் என்பது தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

யாக்கோபு எபிரோன் பள்ளத்தாக்கில் இருக்கிறார். மூத்த பிள்ளைகள் மந்தையை ஓட்டிக்கொண்டு செக்கேம் பக்கம் போய்விட்டார்கள். இன்றைய வரைபடத்தில் பார்த்தால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். போனவர்களிடமிருந்து தகவல் இல்லை. பெரியவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. செக்கேமில் அந்தக் குடும்பத்துக்கு நல்ல பெயர் கிடையாது. மூன்று அதிகாரங்களுக்கு முன்னால்தான் சிமியோனும் லேவியும் அந்த ஊர் ஆண்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் பழிதீர்க்கக் கிளம்பினால் என்ன ஆவது? அதனால் 17 வயது யோசேப்பைக் கூப்பிட்டு, அண்ணன்மார் நலமா, மந்தை நலமா என்று பார்த்துவிட்டு வந்து தன்னிடம் சொல்லும்படி அனுப்புகிறார்.

அவ்வளவுதான் வேலை. மேய்க்கச் சொல்லவில்லை. மயிர் கத்தரிக்கச் சொல்லவில்லை. அண்ணன்மாரை அதட்டிவிட்டு வா என்றும் சொல்லவில்லை. பிள்ளைகளின் நலத்தையும் ஆடுகளின் நலத்தையும் ஒரே மூச்சில் கேட்கிறார் பாருங்கள், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் போகிறான். செக்கேமில் யாரும் இல்லை. வயல்வெளியில் அலைந்துகொண்டிருந்தவனை முன்பின் தெரியாத ஓர் ஆள் பார்த்து, யாரைத் தேடுகிறாய் என்று விசாரிக்கிறார். அவர்கள் இங்கிருந்து கிளம்பிவிட்டார்கள், தோத்தானுக்குப் போவதாகப் பேசிக்கொண்டார்கள் என்கிறார். வேறு பையனாக இருந்தால் அங்கேயே திரும்பியிருப்பான். “போய்ப் பார்த்தேன் அப்பா, அங்கே யாருமில்லை” என்று சொன்னால் யாரும் குறை சொல்லப்போவதில்லை. சொன்ன ஊருக்குப் போயாயிற்று அல்லவா? யோசேப்பு திரும்பவில்லை. தோத்தானுக்கு இன்னும் இருபது கிலோமீட்டருக்கு மேல். நடக்கிறான். அங்கே அவனுக்குக் கிடைத்ததை வாசகத்தில் கேட்டோம்: தண்ணீர் இல்லாத ஆழ்குழி, பிறகு இருபது வெள்ளிக்காசு.

போய்ப் பார்த்து வந்து சொல்கிற இந்த வேலையை இன்றைக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த இங்கிலாந்தில், நமக்குப் பக்கத்திலேயே.

மேனர் பார்க், ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்ட் பக்கமிருந்து வருகிறவர்கள் வான்ஸ்டெட் பூங்காவில் நடந்திருப்பீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் அங்கே மாடுகள் வந்து மேய்ந்தபோது நம் பிள்ளைகள் படமெடுத்து அனுப்பாத வாட்ஸ்அப் குழு இல்லை. லாங்ஹார்ன் என்ற பழைய ஆங்கிலேய இனம். செம்மையும் வரியுமாக உடல், முதுகுத்தண்டு நெடுக வெள்ளைக் கோடு, முகத்தை அணைத்தாற்போல் கீழ்நோக்கி வளைந்த நீளக் கொம்பு. பார்க்கப் பயமாக இருக்கும், குணத்தில் சாது. ஊரில் மாட்டுக்குக் குறி சுடுகிறதுபோல் இந்த மாட்டுக்கு இங்கே வேறொன்று கொடுத்திருக்கிறார்கள், கேட்டால் சிரிப்பீர்கள்: பாஸ்போர்ட். உண்மைதான். இந்த நாட்டில் ஒவ்வொரு மாட்டுக்கும் பாஸ்போர்ட் உண்டு. கன்று பிறந்த 27 நாளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும். இரண்டு காதிலும் எண் பொறித்த தோடு. விசாவுக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிற நம்மில் சிலர் பெருமூச்சு விடுவது கேட்கிறது.

வான்ஸ்டெட் பூங்கா எப்பிங் காட்டின் தென்பகுதியில் இருக்கிறது. நம் மேனர் பார்க்கில் தொடங்கி வடக்கே எப்பிங் ஊர்வரை ஏறத்தாழ 19 கிலோமீட்டர் நீளும் காடு அது. ஒரு காலத்தில் அக்கம்பக்கத்துக் குடியானவர்களுக்கு அங்கே மாடு மேய்க்கும் உரிமை இருந்தது. 19ஆம் நூற்றாண்டில் நிலப்பிரபுக்கள் வேலி போட்டு வளைக்கத் தொடங்கினார்கள். வேலி போட்டவன் கை ஓங்கியிருந்த காலம். அதைத் தடுத்தது எது தெரியுமா? ஒரு கல்லறைத் தோட்டம். லண்டன் மாநகராட்சி, இறந்தவர்களை அடக்கம் செய்ய மேனர் பார்க்கில் பண்ணை நிலம் வாங்கி 1856இல் கல்லறைத் தோட்டம் திறந்திருந்தது. நீங்கள் பேருந்தில் கடந்துபோகும் அதே தோட்டம்தான். அந்த நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அதை வைத்து மாநகராட்சி 1871இல் வழக்குப் போட்டது. 1874இல் வென்றது. 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம் வந்தது, காடு எல்லாருக்குமாக நிலைத்தது. பெரிய மனிதர்கள் வேலிக்குள் போகவிருந்த காடு, ஒரு மாட்டின் மேய்ச்சல் உரிமையால் தப்பியது. இந்தக் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். இடம் கிடைத்தால் சொல்லாமல் விடமாட்டேன்.

பழைய ஆட்கள் சொல்வார்கள், வான்ஸ்டெட் கடைத்தெருவில் மாடுகள் போக்குவரத்தை நிறுத்திவிட்டு நிதானமாக நடக்கும், வீட்டுத் தோட்டத்தில் புகுந்து ரோஜாவை மேயும் என்று. 1996இல் பைத்திய மாட்டு நோய்ப் பிரச்சினை வெடித்தபோது அந்த வழக்கம் நின்றுபோனது. மாடு போனதும் காட்டுக்கு விடுதலை என்று நினைப்போம். நடந்தது வேறு. மாடு மேயாத திறந்தவெளியில் முள்ளும் பூர்ச்சக் கன்றும் ஏறின. புல்வெளி சுருங்கியது. பிறகு, 2000களின் தொடக்கத்தில், மாடுகளைத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

ஏன் மாடு? இயந்திரம் வைத்து வெட்டினால் ஆகாதா? மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது, வளர்த்தவர்களுக்குத் தெரியும். நாக்கால் புல்லைச் சுற்றிப் பிடித்து இழுத்துப் பிய்க்கும். அதனால் ஓரிடத்தில் கட்டை, ஓரிடத்தில் குச்சம், ஓரிடத்தில் மண் என்று மேடுபள்ளமாக விட்டுப்போகும். குச்சத்தில் பூச்சி ஒளியும். குளம்பு கிளறிய மண்ணில் விதை முளைக்கும். சாணத்தில் வண்டு வாழும், வண்டைத் தேடிப் பறவையும் வௌவாலும் வரும். இயந்திரம் எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே உயரத்துக்குச் சிரைத்துவிட்டுப் போய்விடும். இதை இங்கே இயற்கைக் காப்பகங்கள் நடத்துகிறவர்கள் அனுபவத்தில் கண்டிருக்கிறார்கள். சதுப்பு நிலத்துக்கும், சுண்ணாம்புக் குன்றுக்கும், காட்டுவெளிக்கும் மாடோ ஆடோ குதிரையோ கொண்டுவந்து விடுகிறார்கள். கேம்பிரிட்ஜ் பக்கம் விக்கன் சதுப்பில் ஸ்காட்லாந்து மலைமாடுகளும் போலந்துக் குதிரைகளும் மேய்கின்றன.

இங்கேதான் நம் யோசேப்பு வருகிறார். மாட்டுக்குச் சொந்தக்காரர் ஒருவர். நிலத்துக்குப் பொறுப்பு இன்னொருவர். ஒரே சொந்தக்காரரின் மாடுகள் பத்து மைல் இடைவெளியில் நாலு இடத்தில் நிற்கும். தினமும் எல்லா இடத்துக்கும் அவரால் ஓடமுடியாது. ஆனால் உயிர் என்றால் தினமும் ஒரு கண் வேண்டும். அதற்குத்தான் தொண்டர்கள். ஓய்வுபெற்ற ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், கல்லூரிப் பிள்ளை, தாதி. வாரத்தில் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள். சம்பளம் இல்லை. அரைநாள் பயிற்சி, பேசுவதற்கு ஒரு தொலைபேசி எண், காலில் ரப்பர் பூட்ஸ். பிரைட்டன் நகராட்சி இப்படித் தன் குன்றுகளில் மேயும் ஆடுகளைப் பார்க்கத் தொண்டர்களுக்குப் பயிற்சி கொடுத்துப் பல ஆண்டுகளாக நடத்திவருகிறது. இந்த வேலை புதிதும் அல்ல. கென்டில் ராம்னி சதுப்புப் பக்கம், மலேரியாவுக்குப் பயந்து சொந்தக்காரர்கள் மேட்டில் குடியிருந்த காலத்தில், கூலிக்கு ஆள் வைத்துப் பல பேருடைய ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் செய்தார்கள். அந்த ஆட்கள் தங்கிய செங்கல் குடிசைகளில் சில இன்றும் நிற்கின்றன.

நம் கோயிலுக்கு வருகிற ஓர் அம்மாவும் இந்த வேலை செய்கிறார். பெயர் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். இலங்கையின் வன்னியில் பட்டி வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை. எசெக்ஸில் ஒரு சிறிய காப்பகத்துக்குப் போகிறார். அவரோடு நானும் ஒருநாள் போனேன். படலையைத் திறந்ததும் நான் மாட்டைத் தேடினேன். அவர் முதலில் தண்ணீர்த் தொட்டிக்குப் போனார். மிதவையைக் கையால் அமுக்கிப் பார்த்தார், தண்ணீர் பாய்ந்தது. கம்பிவேலியை ஒரு பார்வை. நாய் கூட்டிவருகிறவர்கள் எறிந்துவிட்டுப்போன பிளாஸ்டிக் பையைப் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார், மாடு தின்றால் வயிற்றில் சிக்கிவிடும் என்றார். பிறகுதான் எண்ணத் தொடங்கினார். பன்னிரண்டு இருக்கவேண்டும், பதினொன்றுதான் இருந்தது. திரும்ப எண்ணினார். பதினொன்று.

பன்னிரண்டாவது முட்செடிப் புதருக்குப் பின்னால் தனியாக நின்றது. மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கிற மாட்டை முதலில் பார்க்கவேண்டும் என்பது அவர் அப்பா சொல்லிக்கொடுத்த பாடம். இங்கே பயிற்சியிலும் அதையேதான் சொன்னார்களாம். ஒரு காது தொங்கியிருந்தது. இடது கண் பாதி மூடி, கண்ணீர் கன்னத்தில் கோடிட்டு, அதில் ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. மற்றவை படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்க, இதன் வாய் அசையவில்லை. அம்மா கிட்டே போகவில்லை. பத்தடி தள்ளி நின்று, பக்கவாட்டில் மெதுவாக நகர்ந்து, காதுத் தோட்டின் எண்ணைப் படித்தார். படமெடுத்தார். தொலைபேசியில் இரண்டு நிமிடம் பேசினார். அன்று மாலையே மாட்டுக்காரர் வந்து பிடித்துக் கட்டி, வைத்தியர் மருந்து போட்டார். கோடையில் ஈ பரப்புகிற கண்நோய், கவனிக்காமல் விட்டால் பார்வை போய்விடும். அடுத்த ஞாயிறு அந்த அம்மாவை நான் பாராட்டியபோது கூச்சப்பட்டார். “நான் ஒண்டும் செய்யேல்ல சுவாமி. பாத்தன், சொன்னன், அவ்வளவுதான்.”

அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்குள் எவ்வளவு கட்டுப்பாடு இருக்கிறது! வன்னியில் வளர்ந்தவருக்கு மாட்டின் கண்ணுக்கு என்ன கைவைத்தியம் என்று தெரியாதா? தெரியும். செய்யவில்லை. மாடு அவருடையது அல்ல. நாமோ ஆஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்கப் போனால் கட்டிலில் உட்காருவதற்கு முன்பே மூன்று கசாயம், இரண்டு டாக்டர், ஒரு தைலம் சொல்லிவிடுவோம். பார்க்கப்போன ஆள் எப்படி இருக்கிறார் என்று மட்டும் பார்க்கவே மாட்டோம்.

இன்னொன்று. யார் காதில் போய்ச் சொல்கிறோம் என்பது. இதே 37ஆம் அதிகாரத்தின் 2ஆம் வசனத்தைப் பாருங்கள். அதுவும் இன்றைய வாசகத்தில் இல்லை. யோசேப்பு முன்பொருமுறை அண்ணன்மாரின் கெட்ட நடத்தையைப் பற்றி அப்பாவிடம் வந்து சொன்னவன். கோள். அண்ணன்மாரின் வெறுப்புக்கு அந்த அழகிய அங்கி மட்டும் காரணமில்லை. கோள் சொல்கிறவனும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான், செய்தி சொல்கிறவனும் கண்ணால் பார்த்ததைத்தான் சொல்கிறான். ஆனால் கோள் சொல்கிறவன் குற்றத்தைத் தேடிப் போகிறான். யாக்கோபு இந்தமுறை பிள்ளையை அனுப்பியது நலம் தேடி. தோத்தானுக்கு நடந்த பையன் பழைய பையன் அல்ல என்றே நான் நினைக்கிறேன். அண்ணன்மாருக்குத்தான் அது தெரியவில்லை. நம் சமூகத்தில் யாராவது வீட்டுக்கு வந்து நாலு பக்கமும் பார்த்தால் நாமும் அப்படித்தான் பயப்படுகிறோம், “என்னத்தைக் கண்டுபிடித்துப் போய் எங்கே ஊதப்போகிறார்களோ” என்று. அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. நாம்தான் உண்டாக்கினோம்.

நல்லாயனைப் பற்றிப் பேசும்போது ஆண்டவர் இரண்டு பேரைக் காட்டுகிறார்: ஆடுகளுக்குச் சொந்தக்காரரான ஆயன், ஓநாயைக் கண்டால் ஓடிவிடும் கூலியாள். உங்களிடம் மூன்றாவது ஓர் ஆளைப் பற்றிக் கேட்கிறேன். சொந்தமும் இல்லை, கூலியும் இல்லை. ஆனாலும் மழையில் போய் எண்ணிவிட்டு வருகிறவர். விவிலியத்தில் இவருக்கு இடம் உண்டா? நிறைய உண்டு. மோசே எரியும் முட்புதரைக் கண்டபோது அவர் மேய்த்துக்கொண்டிருந்தது மாமனார் இத்திரோவின் ஆடுகள். தாவீது காத்தது தகப்பனின் ஆடுகள். இணைச்சட்ட நூல் 22ஆம் அதிகாரம் சொல்வதைக் கேளுங்கள்: வழிதவறிப்போகிற மாடு உன் இனத்தானுடையது என்றால் கண்டும் காணாமல் போக உனக்கு உரிமை கிடையாது. அவன் தொலைவில் இருந்தால், யாரென்றே தெரியாவிட்டால், உன் வீட்டுக்கு ஓட்டிவந்து அவன் தேடிவரும்வரை வைத்திரு. விடுதலைப் பயண நூல் இன்னும் ஒரு படி மேலே போகிறது: அந்த மாடு உன் பகைவனுடையதாக இருந்தாலும் அப்படித்தான். பகையாளியின் மாடு! ஊரில் வரப்புத் தகராறு பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கடினமான கட்டளை என்று தெரியும்.

எருதின் புண் காக்கைக்குத் தெரியுமா என்று கேட்பார்கள் நம் ஊரில். காக்கைக்குத் தெரியாது, அதற்குப் புண் என்றால் தீனி. மனிதனுக்குத் தெரியவேண்டும் என்பது கடவுளின் எதிர்பார்ப்பு. நினிவே நகரத்தின் மேல் தமக்கு ஏன் இரக்கம் வந்தது என்று யோனாவிடம் கடவுள் காரணம் சொல்லும்போது, அங்கிருந்த ஒரு இலட்சத்து இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களோடு கால்நடைகளையும் சேர்த்துத்தான் சொல்கிறார். யோனா நூல் கால்நடைகளோடுதான் முடிகிறது. திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் நமது பொது இல்லத்தைப் பேணுவது பற்றிச் சுற்றுமடல் எழுதியபோது, திருச்சபைக்கு எதற்கு இந்தச் சுற்றுச்சூழல் பேச்சு என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. யோனாவைக் கடைசி வரிவரை படித்திருந்தால் முணுமுணுத்திருக்கமாட்டார்கள்.

எண்ணுவதைப் பற்றியும் சொல்லவேண்டும். நூறு ஆடுகளில் ஒன்று தொலைந்த உவமையைப் பற்றி எத்தனையோ மறையுரை கேட்டிருப்பீர்கள். தேடிப்போனதையும் தோளில் தூக்கிவந்ததையும் சொல்வோம். அதற்கு முன்னால் அந்த ஆயன் செய்த ஒன்றை விட்டுவிடுவோம்: சாயங்காலம் உட்கார்ந்து எண்ணியிருக்கிறான். எண்ணாதவனுக்குத் தொண்ணூற்றொன்பதும் நூறும் ஒன்றுதான். கோவிட் முடிந்து கோயில் திறந்தபோது திரும்பிவராதவர்களை நாம் எண்ணினோமா? பீடத்திலிருந்து பார்க்கிற எனக்குக் கூட்டம் நிறைந்திருந்தது தெரிந்தது. யார் இல்லை என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்கள்தான் சொல்லியிருக்க முடியும்.

இப்போது மாட்டின் கழுத்தில் பட்டை மாட்டுகிறார்கள். நார்வேயில் செய்தது, செயற்கைக்கோள் வழியாக மாடு எங்கே நிற்கிறது என்று கைபேசியில் காட்டும். எல்லை தாண்டப்போனால் முதலில் ஒலி எழுப்பும், மீறினால் சிறிய மின்னதிர்ச்சி கொடுக்கும். எப்பிங் காட்டில் வேலி கட்டாமலே மாடு மேய முடிவது அதனால்தான். நல்ல கண்டுபிடிப்பு, குறை சொல்லவில்லை. பட்டை வந்துவிட்டதே, இனித் தொண்டர்கள் எதற்கு என்று நம் அம்மாவைக் கேட்டேன். மாடு எங்கே நிற்கிறது என்று பட்டை சொல்லும், கண்ணில் தண்ணீர் வடிகிறது என்று சொல்லாதே என்றார். நம் கையிலிருக்கிற தொலைபேசியும் அந்தப் பட்டைதான். நம்மைப் பெற்ற அம்மா கடைசியாக வாட்ஸ்அப் பார்த்தது காலை 6.40 என்று காட்டுகிறது; உயிரோடு இருக்கிறார், போதும் என்று விட்டுவிடுகிறோம். இல்ஃபோர்டில் மாடி அறையில் தனியாக இருக்கிற அந்த அம்மா இரண்டு நாளாகச் சமைக்கவில்லை என்பதை எந்தத் திரை காட்டும்? பராமரிப்பு வேலை விசாவில் வந்து, ஏஜென்ட் சொன்ன வேலை இங்கே இல்லை என்று தெரிந்து, ஓர் அறையில் ஐந்து பேராகப் படுத்திருக்கிற பிள்ளைகள், ஊருக்குப் பேசும்போது கேமராவை நல்ல சுவரின் பக்கம்தான் திருப்புகிறார்கள். புகலிட மனு முடிவு தெரியாமல் ஹோட்டல் அறையில் மாதக்கணக்கில் இருக்கிறவர்கள் “சுகமாக இருக்கிறேன்” என்றுதான் செய்தி அனுப்புகிறார்கள். யாக்கோபுக்கு அன்று செய்தி போதவில்லை. போய்ப் பார்க்க ஆள் வேண்டியிருந்தது.

இன்றைய நற்செய்திக்கு வருவோம். திராட்சைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு நெடும்பயணம் போன சொந்தக்காரர் முதலில் பணியாளர்களை அனுப்பினார், கடைசியில் மகனை அனுப்பினார். மகனைக் கண்டதும் குத்தகைக்காரர்கள் பேசிக்கொள்கிற பேச்சு, தோத்தானில் யோசேப்பைத் தூரத்தில் கண்டதும் அண்ணன்மார் பேசிய அதே பேச்சு: வாருங்கள், இவனைக் கொன்றுபோடுவோம். திருச்சபை இந்த இரண்டு வாசகத்தையும் தவக்கால வெள்ளியில் சேர்த்து வைத்திருப்பது தற்செயல் அல்ல. தந்தை அனுப்பிய அன்பு மகன், தன்னவர்களிடம் வருகிறார், அவர்கள் அவரை வெளியே தள்ளிக் கொல்கிறார்கள். யோசேப்பில் கிறிஸ்துவின் சாயலைக் கண்டவர்கள் தொடக்கக் காலத் திருச்சபைத் தந்தையர். நான் சேர்க்கிறது ஒன்றே ஒன்று. குத்தகைக்காரர்களின் பாவம் எங்கே தொடங்கியது? கொலையில் அல்ல, அதற்கு வெகு முன்பே. கையில் இருப்பதெல்லாம் தங்களுடையது என்று நினைத்த நாளில் தொடங்கியது. பார்க்க வருகிறவன் அதன்பிறகு எதிரியாகத்தான் தெரிவான்.

காப்பகத்துப் படலையைத் திறந்து உள்ளே போகிற தொண்டருக்கு அந்த மயக்கம் வர வழியில்லை. நிலம் அவருடையதல்ல, மாடும் அவருடையதல்ல, புல்லிலிருந்து எழும்பிப் பாடுகிற வானம்பாடி யாருடையதும் அல்ல. எல்லாம் பிறருடையது, ஆனாலும் பார்க்கவேண்டியது தன் முறை என்று போகிறார். கையில் இருப்பதையெல்லாம் இப்படிப் பார்க்கத் தெரிந்துவிட்டால் குத்தகைக்காரர்களின் கதி நமக்கு வராது. பிள்ளைகள் உட்பட. நம் பிள்ளைகள் நம்முடையவர்கள் என்பதைவிட நம்மை நம்பி விடப்பட்டவர்கள் என்று எண்ணியிருந்தால் நம் வீடுகளில் பாதிச் சண்டை இருந்திருக்காது.

பெரும்பாலான நாட்களில் பார்க்கப்போனால் ஒன்றும் இருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தொட்டியில் தண்ணீர் இருக்கும், வேலி நிற்கும், பன்னிரண்டும் பன்னிரண்டாக அசைபோட்டுக்கொண்டிருக்கும். நனைந்துபோய்த் திரும்பி வந்து “எல்லாம் நலம்” என்று இரண்டு சொல் செய்தி அனுப்பவேண்டும். இதற்கா இவ்வளவு தூரம் வந்தேன் என்று தோன்றும். ஆனால் அந்த இரண்டு சொல்லை நம்பித்தான் மாட்டுக்காரர் அன்றிரவு தூங்குகிறார். இரவில் செபமாலை சொல்லி முடித்துப் பிள்ளைகளின் அறையை எட்டிப் பார்க்கிற தாய்மாருக்கு இதை நான் விளக்கவேண்டியதில்லை.

தோத்தானில் யோசேப்புக்கு நடந்ததை மறைக்கவில்லை. பார்க்கப்போகிறவர்களுக்கு எப்போதும் நல்வரவு கிடைக்காது. கதவு திறக்காத வீடு இருக்கும். “சாமியார் அனுப்பினாரா, உளவு பார்க்கவா?” என்று கேட்கிறவர்கள் இருப்பார்கள். போனவர்கள் இடம் மாறியிருப்பார்கள், வயல்வெளியில் நிற்கிற யாரையாவது கேட்டு இன்னும் இருபது கிலோமீட்டர் போகவேண்டியிருக்கும். பேருந்தில் போகலாம், கவலைப்படாதீர்கள்.

ஆகவே திருப்பலி முடிந்ததும் யாரும் உடனே ஓடவேண்டாம். பின்வாசல் மேசையில் இரண்டு தாள் வைத்திருக்கிறேன். புல் தளிர்த்ததும் காப்பகங்களில் மாடுகளை விடுவார்கள், ஆள் தேவைப்படும். விருப்பமுள்ளவர்கள் முதல் தாளில் பெயர் எழுதுங்கள், நம் அம்மா எங்கே யாரோடு பேசவேண்டும் என்று வழிகாட்டுவார். இளைஞர்கள் அவசியம் எழுதுங்கள், நல்ல காற்றும் கிடைக்கும். இரண்டாவது தாளில் நம் பங்கில் தனியாக இருக்கிறவர்கள் வசிக்கும் பகுதிகளை மட்டும் எழுதி, எதிரே வாரத்தின் ஏழு நாட்களையும் போட்டிருக்கிறேன். ஒரு நாளை எடுத்துக்கொள்ளுங்கள். போங்கள், பாருங்கள், திரும்பி வந்து என்னிடம் சொல்லுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அல்ல, என்னிடம். செவ்வாயும் வியாழனும் இன்னும் காலியாக இருக்கின்றன.